ஐயோ கிளாக்கரும் நீண்டுபோன பெண்டுலமும்

பயப்படுவதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்த தோட்டம், இலங்கைத் தீவிலேயே எங்கள் தேயிலைத் தோட்டம் ஒன்றாகத்தான் இருக்கும். அவருக்குக் கம்பெனி கொடுத்த பதவி பெரிய கிளாக்கர், அதாவது தலைமைக் குமாஸ்தா. தோட்டத்து ஜனங்கள் கொடுத்த பதவி ஐயோ கிளாக்கர். சொந்தப் பெயர் என்னவென்று எனக்குக் கடைசிவரை நிச்சயமாகத் தெரியாது. கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், யாராவது அதைப் பார்த்துப் போட்டுப் பழகிவிடுவார்களோ என்று பயந்து தினம் ஒரு தினுசாகக் கிறுக்கி வைப்பார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் தோட்டத்துக்கு நான் சின்னக் கிளாக்கராகப் போனேன். வட்டவளையில் ரயிலை விட்டிறங்கி, கினிகத்தேனைப் பக்கமாக மலையிறங்கிப் போக வேண்டும். மழையில் நனைந்துகொண்டு ஆபீஸ் வாசலில் காலை வைத்ததும் உள்ளேயிருந்து, "ஐயோ!" என்று ஒரு சத்தம். நான் திரும்பி ஓடப் பார்த்தேன்.

"ஓடாதீங்க தம்பி, வழுக்கிரும்! ஐயோ, குடையை விரிச்ச மேனிக்கே கொண்டாந்துட்டீங்களே, கம்பி கண்ணுல குத்தியிருந்தா? உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு காலு ஆடுது. இதுல உக்காரலாம், ஆனா சாயாதீங்க."

கடைசியில் நின்றுகொண்டே வேலையை ஒப்புக்கொண்டேன்.

ஆள் நெட்டையாக, ஒல்லியாக இருப்பார். கழுத்தில் எந்நேரமும் கம்பளி மப்ளர். சட்டைக்குள் மாதா படம் போட்ட சின்ன மெடல். அட்டைக்குப் பயந்து காலுறையில் சவுக்காரம் பூசியிருப்பார். மழையில் நடந்தால் அவர் போன வழியெல்லாம் நுரை பூத்திருக்கும். இடி இடித்தால் டெலிபோனைத் தூக்கி மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிடுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன வழியில் ஒரு தொங்குபாலம் இருந்ததாம், அதோடு திரும்பி வந்துவிட்டாராம். ஆபீஸுக்குத் தேத்தண்ணி வந்தால் முதலில் நான் ஒரு வாய் குடிக்க வேண்டும். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தேன் என்றால் அப்புறம்தான் தன் கோப்பையைத் தொடுவார்.

இதையெல்லாம் தோட்டமே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். எங்களுக்கும் நிஜமாகவே பயப்பட ஒரு காரணம் வரும்வரை அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

தோட்டத்தின் அடிவாரத்தில், ஆற்றோரமாக, யாரோ ஒரு கொந்தராத்துக்காரர் புது ரோடு வெட்டத் தொடங்கினார். குறுக்கே ஒரு பெரிய பாறை. அதில் துளை போட்டு, வெடி வைத்துப் பிளக்க வேண்டும். முதல் வெடி வைத்த அன்று எங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பகல் நேரம். ஆபீஸ் தரை ஓர் ஆட்டம் ஆடியது. மைப்போத்தல் மேசையில் நகர்ந்து வந்து விளிம்பில் நின்றது. பிறகு தகரத்தைக் கிழிக்கிற மாதிரி எங்கோ ஒரு சத்தம்.

போய்ப் பார்த்தபோது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், கொழுந்தெடுக்கிற மருதாயியின் வீட்டுக் கூரையில் ஆகாயம் தெரிந்தது. ஆட்டுக்கல் பருமன் இருந்த ஒரு கல் கூரையைத் துளைத்து இறங்கி, அடுப்பை உடைத்து, சோற்றுப் பானை இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. மருதாயி அந்த நேரம் பீலியில் தண்ணி பிடிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தவள் அழவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு அந்தக் கல்லுக்கு எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ரொம்ப நாள் அந்த மூலையில் அவளால் அடுப்புப் பற்றவைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில்தான் சமைத்தாள்.

பாறைக்கு நேர் கீழே, மலையைச் சுற்றி ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. ஒரு முனையில் கொழுந்தெடுக்கிற மலை. மறு முனையில் லயங்களும் பிள்ளைக் காம்பராவும். பெண்கள் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். நடுப்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் பால் கொடுக்க அந்தப் பாதையில்தான் இறங்கி வர வேண்டும். வேறு வழி கிடையாது.

மறுநாள் வெடி வைக்கிற மேஸ்திரி ஆபீஸுக்கு வந்தார். சிங்களவர், நல்ல மனிதர், எல்லாரும் அவரை பாஸ் என்று கூப்பிடுவார்கள். வந்தவர் கையிலிருந்த துணிப்பையைக் கிளாக்கரின் மேசையில் வைத்தார். பைக்குள் என்னவென்று கிளாக்கர் கேட்டார். பாஸ் சொன்னார். அடுத்த நிமிஷம் கிளாக்கர் அந்தக் கால் ஆடுகிற நாற்காலியின் மேல் ஏறி நின்றார்.

"பயப்பட வாணாம் மாத்தயா. நெருப்பு வைக்காட்டி இது சவுக்காரம் மாதிரி" என்றார் பாஸ்.

"ஐயோ, எடுத்துருங்க! மொதல்ல வெளிய எடுத்துருங்க!"

பாஸ் பையைக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்து பேசினார். தினமும் பன்னிரண்டு மணிக்கு வெடி. அதற்குக் கால் மணி முந்தித் தோட்டத்து ஆபீஸில் சங்கு ஊத வேண்டும். யுத்த காலத்தில் வாங்கிப் போட்ட, கையால் சுற்றுகிற சங்கு ஒன்று வராந்தாவில் துருப்பிடித்துக் கிடந்தது. சங்கு கேட்டதும் பாதையில் இருக்கிறவர்கள் வெளியேறிவிட வேண்டும், வெளியே இருக்கிறவர்கள் உள்ளே வரக் கூடாது.

"எங்களுக்கு அந்த ஆத்துச் சத்தத்துல உங்க சங்கு கேக்காது. எங்க கையில மணி பன்னெண்டு ஆனா வெடி. உங்க ஆள நீங்க பாத்துக்கோங்க."

பெரிய தொரை இங்கிலீஷ்காரர். அவருக்குத் தெரிந்த தமிழில் விஷயத்தை முடித்தார்.

"கிளாக்கர், நீ பாத்துக்கோ. மணி தப்பு வந்து ஆளுக்கு ஒண்ணு ஆச்சு, நீ இந்தத் தோட்டத்துல இல்ல."

அன்று முதல் ஆபீஸ் சுவரிலிருந்த கடிகாரத்தை நாங்கள் அண்ணாந்து பார்க்கத் தொடங்கினோம். அதுவரை அது தன் இஷ்டத்துக்கு முந்தியும் பிந்தியும் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. பழைய பெண்டுலக் கடிகாரம். கீழ்க் கதவின் கண்ணாடியில் ரோஜாப்பூக்கள் வரைந்திருக்கும். உள்ளே பெண்டுலம் ஆடுவது வெளியே தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். கிளாக்கரிடம் ஒரு கைக்கடிகாரமும் இருந்தது. ஆனால் இரண்டு கடிகாரம் இரண்டு மணி காட்டினால் எதை நம்புவது என்ற பயத்தில் அதைச் சாவி கொடுக்காமல் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்.

பாஸ் கினிகத்தேனைக் கடை ரேடியோவில் மணி பார்த்துக்கொள்வார். நாங்கள் தபால் கந்தோருக்கு டெலிபோன் போட்டுக் கேட்போம். முதல் வாரக் கடைசியில் கேட்டபோது எங்கள் கடிகாரம் பிந்தியிருந்தது. ரொம்ப இல்லை. ஆனாலும் கிளாக்கரின் முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்கே கடிகாரத்தைக் கழற்றி, கம்பளியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

ஹட்டன் கடைத்தெருவில் கடிகாரக் கடை வைத்திருந்தவர் அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஒண்ணும் கெட்டுப் போகலீங்க. பெண்டுலம் கொஞ்சம் நீளமா இருக்கு, அவ்வளவுதான். இந்தக் குண்டு கீழ எறங்குனா நீளம் கூடும். நீளம் கூடுனா ஒரு தரம் போய் வர அதிக நேரம் எடுக்கும், மணி பிந்தும். குண்டு மேல ஏறுனா நீளம் குறையும், சட்டுசட்டுன்னு ஆடும், மணி முந்தும். குண்டுக்கு அடியில இந்த நட்டு இருக்கு பாருங்க, இதை வலப்பக்கம் திருகினா குண்டு ஏறும், இடப்பக்கம் திருகினா எறங்கும். லேசாத் தொட்டாப் போதும்."

"நீளம் மாறாம இருந்தா மணியும் மாறாதுங்களா?" என்று கிளாக்கர் கேட்டார்.

"மாறாது. என்ன, சூட்டுக்கு இந்தப் பித்தளைக் கம்பி துளி நீளும், குளிருக்குத் துளி சுருங்கும். கண்ணுக்கே தெரியாது. அதுக்கெல்லாம் பயப்படாதீங்க."

எங்கள் கிளாக்கரிடம் ஒருவரும் சொல்லக் கூடாத வார்த்தை அது. திரும்பி வருகிற வழியெல்லாம் மடியிலிருந்த கடிகாரத்தின் மேல் கையை வைத்தார், கைச்சூடு பட்டுவிடுமே என்று எடுத்தார், பஸ் குலுங்கியதும் மறுபடி வைத்தார்.

மறுநாள் முதல் ஆபீஸில் கரியடுப்பு கிடையாது. வட்டவளைக் குளிரில் விரல் விறைத்துப்போய் நான் டைப் அடித்தேன். கம்பி நீண்டுவிடுமாம். அப்புறம் குளிர் கூடிப்போனது என்று பயந்து தன் மப்ளரை எடுத்துக் கடிகாரத்துக்குச் சுற்றினார். எனக்கு இருமல் வந்தபோது, "அந்தப் பக்கமாத் திரும்பி இருமுங்க தம்பி, சூட்டுக் காத்து" என்றார். தேத்தண்ணி கொண்டுவந்த பையனை வாசலிலேயே நிறுத்தி, ஆறிய பிறகுதான் உள்ளே விட்டார்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காலையில் குளிராக இருந்தால், கம்பி சுருங்கியிருக்கும், மணி முந்தும் என்று நட்டை இடப்பக்கம் திருகுவார். கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தால் வலப்பக்கம் திருகுவார். மூடிவிட்டு மேசைக்கு வருவார், சந்தேகம் வந்துவிடும், திரும்பப் போவார். தபால் கந்தோருக்குத் தினமும் டெலிபோன். ஒருநாள் அங்கிருந்தவர் பொறுமை இழந்துவிட்டார்.

"கிளாக்கரையா, நீங்க கேட்டாலும் கேக்காட்டியும் இங்க மணி ஓடிக்கிட்டுத்தாங்க இருக்கு."

"கோவிச்சுக்காதீங்க. உங்க கடிகாரத்துலயும் பெண்டுலமா?"

"ஆமாங்க."

"ஐயோ" என்று சொல்லி டெலிபோனை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வேலை செய்துகொண்டே அவர் உதடு முணுமுணுக்கும். பெண்டுலம் ஒரு பக்கம் போகும்போது "மாதாவே", மறு பக்கம் வரும்போது "காப்பாத்துங்க". நாள் முழுக்க இதுதான். கணக்குக் கூட்டும்போதும் இதுதான். எனக்கே சில நாள் கனவில் கேட்டது.

ஒருநாள் சந்தேகம் தலைக்கேறி, நேரத்துக்கு வெகு முன்னாலேயே சங்கை ஊதிவிட்டார். பால் கொடுக்க வந்த தாய்மாரெல்லாம் பாதையின் அந்தப் பக்கமே நின்றார்கள். மழையில் படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள், நின்றார்கள், வெடி வரவே இல்லை. இந்தப் பக்கம் பிள்ளைக் காம்பராவில் அத்தனை குழந்தைகளும் ஒன்றாகக் கத்தின. அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை.

மருதாயி ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். "கிளாக்கரையா, பால் கட்டி நெஞ்சு வலிக்குதுங்க. புள்ள அழுது அழுது தொண்டை கம்மிப் போச்சு. நெசமா ஊத வேண்டிய நேரத்துல மட்டும் ஊதுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பெரிய தொரையும் கூப்பிட்டு அனுப்பினார். "இன்னொரு தடவை பொய்ச் சங்கு ஊதினா, உன் சீட்டைக் கிழிச்சுக் குடுப்பேன்."

அதற்குப் பிறகு அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. முந்தினால் வேலை போகும், பிந்தினால் உயிர் போகும். இரண்டுக்கும் நடுவே, மயிரிழை நீளத்தில், ரோஜாப்பூக் கண்ணாடிக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்த அந்தக் குண்டு. பன்னிரண்டு மணி நெருங்கும்போது ஆபீஸில் எல்லாரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். வெடி கேட்டு, கல்லெல்லாம் உருண்டு முடிந்து, பாதையில் பெண்கள் தலை தெரிந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வரும். வந்த மூச்சு மறுநாள் காலையில் திரும்பவும் அடைத்துக்கொள்ளும்.

மழைக்காலம் இறங்கியது. நாள் கணக்கில் பெய்து எங்கோ மரம் விழுந்து டெலிபோன் செத்துப்போனது. பெரிய தொரை நுவரெலியாவுக்குப் போய்விட்டார். அன்று காலையில் கிளாக்கர் வந்ததும் ஒரே ஒரு தரம் நட்டைத் தொட்டுவிட்டு, கதவை மூடி, மப்ளரைச் சுற்றிவிட்டு உட்கார்ந்தார். வெளியே தூறல். மலை பாதி மூட்டத்துக்குள் இருந்தது. நான் ஆள் வரவு பதிகிற செக்ரோல் எழுதிக்கொண்டிருந்தேன்.

கடிகாரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது. திடீரென்று அவருடைய முணுமுணுப்பு நின்றது.

"தம்பி."

"என்னங்க?"

"மாதாவேக்கும் காப்பாத்துங்கவுக்கும் நடுவுல, இன்னைக்கு எனக்கு எச்சி முழுங்க நேரம் இருக்கு."

எனக்குப் புரியவில்லை. பயம் முற்றி மூளையைத் தொட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

"நேத்து வரைக்கும் மூச்சு வாங்கும் தம்பி. ரெண்டையும் அடுக்கிச் சொல்லணும். இன்னைக்கு நிதானமா வருது. பெண்டுலம் மெதுவா ஆடுது. நீண்டுருச்சு!"

காதைக் கொடுத்துக் கேட்டேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவர் எழுந்து போய் மப்ளரை உருவி எறிந்து, ரோஜாப்பூக் கதவைத் திறந்தார். இரண்டு பேரும் உள்ளே பார்த்தோம்.

குண்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கம்பியில் வழுக்கிக்கொண்டு அடிக்கே இறங்கி, நுனியில் இருந்த சின்ன வளைவில் மாட்டி ஆடிக்கொண்டிருந்தது. அத்தனை நாள் திருகித் திருகி நட்டின் மரை தேய்ந்துபோயிருந்தது. கண்ணுக்கே நீளம் தெரிந்தது. டக் என்று ஒரு பக்கம் போனது, யோசித்துவிட்டு வருவதுபோல மறு பக்கம் வந்தது.

"எப்பங்க எறங்கியிருக்கும்?" என்றேன்.

"இப்பத்தான் எறங்கியிருந்தா ஒண்ணுமில்ல. இன்னும் நேரம் கெடக்கு, ஊதினாப் பொய்ச் சங்கு." "காலையிலயே எறங்கியிருந்தா?"

வெளியே வெயில் இல்லை, நிழல் இல்லை, டெலிபோன் இல்லை. மணி என்னவென்று சொல்ல எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றுமே இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். அதுவரை எதிலும் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்து நான் பார்த்திராத மனிதர்.

"சுத்துங்க தம்பி."

வராந்தாவுக்கு ஓடிச் சங்கின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன். அது முனகி, ஏறி, ஊளையிட்டது. எதிர் மலையில் மூட்டம் கொஞ்சம் விலகியது. பாதையில் ஏழெட்டுப் பெண்கள் பாறையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். சங்கு கேட்டதும் நின்றார்கள். ஆபீஸ் பக்கம் பார்த்தார்கள். ஒருத்தி எங்களைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினாள். பிறகு அதே நடையில் தொடர்ந்து வந்தார்கள். ஐயோ கிளாக்கர் ஊதினால் வெடிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது, அதற்குள் தாண்டிவிடலாம் என்பதுதான் அவர்கள் கண்ட அனுபவம்.

"வர்றாங்களே! ஐயோ, வர்றாங்களே!"

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். குடை எடுக்கவில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கிலி பிடித்தது.

நான் சங்கை நிறுத்தவில்லை. சுற்றிக்கொண்டே பார்த்தேன். சரிவில் நெட்டையாக ஓர் உருவம் ஓடியது, விழுந்தது, எழுந்து ஓடியது. பாதையில் ஏறியது. பாறைக்கு அடியில் போனது. பெண்களுக்கு எதிரே போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றது. அங்கே நடந்ததை மருதாயிதான் பிற்பாடு எனக்குச் சொன்னாள்.

"வெடி, வெடின்னு கத்துனாருங்க. சங்கு இப்பத்தானே ஊதுது, வெரசாத் தாண்டிப் போயிர்றோம், வழிய விடுங்கன்னோம். கேக்கவே மாட்டேங்கிறாரு. மூச்சு வாங்குது, பேச்சு வரல. எனக்குப் புள்ள நெனப்பு. அவர ஒதுக்கிட்டுப் போகப் பாத்தேங்க. அப்பத்தான் கைய ரெண்டையும் தலைக்கு மேல போட்டு வீசுனாரு. குளவி! குளவி கலைஞ்சிருச்சு! ஓடுங்கன்னு ஒரு கத்தல்."

தேயிலை மலையில் வேலை செய்கிறவர்களிடம் அந்த வார்த்தைக்கு விளக்கம் தேவையில்லை. கூடு கலைந்து குளவி விரட்டினால் ஆள் பிழைப்பதே அருமை. கூடைகள் பறந்தன. சாக்கை முகத்தில் போட்டுக்கொண்டு பெண்கள் வந்த வழியே திரும்பி ஓடினார்கள். கிளாக்கரும் தலைக்கு மேல் கையை வீசிக்கொண்டே அவர்கள் பின்னால் ஓடினார்.

வளைவில் அவர்கள் மறைந்ததை நான் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் மலை இடிந்தது.

வராந்தாக் கண்ணாடி உடைந்து என் காலடியில் கொட்டியது. புகையும் மூட்டமும் ஒன்றாகி எதிர் மலையே காணாமல் போனது. அதற்குள்ளிருந்து கற்கள் விழுகிற சத்தம், பிறகு உருளுகிற சத்தம், பிறகு தேயிலைச் செடிக்குள் சரசரவென்று ஏதோ போகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. ஆற்றுச் சத்தம் மட்டும். நான் கைப்பிடியை விட்டுவிட்டு ஓடினேன்.

பாதை பாதையாக இல்லை. சற்று முன் அவர் கையை விரித்து நின்ற இடத்தில் மேசை அளவு கல் கிடந்தது. அதற்கு அடியில் ஒரு கூடை சப்பையாகியிருந்தது, கொழுந்து நாலு பக்கமும் பிதுங்கியிருந்தது. "ஐயா! ஐயா!" என்று கத்தினேன். கற்களின் மேல் தவழ்ந்து வளைவைத் தாண்டினேன்.

பெண்கள் செடிகளுக்கு அடியில் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். எண்ணிப் பார்க்கக்கூட எனக்கு நிதானம் இல்லை. "எல்லாம் இருக்கோமுங்க, எல்லாம் இருக்கோம்" என்றாள் மருதாயி. அவள் கை காட்டிய இடத்தில் கிளாக்கர் குப்புறக் கிடந்தார். போட்டிருந்த கோட்டு மேலேறித் தலையை மூடியிருந்தது. அசைவே இல்லை. நான் முட்டி போட்டு உட்கார்ந்து முதுகில் கை வைத்தேன்.

கோட்டு மெல்ல ஒரு பக்கம் உயர்ந்தது. ஒரு கண் தெரிந்தது.

"குளவி போயிருச்சா தம்பி?"

மருதாயி திகைத்துப்போனாள். "குளவி ஏதுங்க? மழையில எங்கிட்டிருந்துங்க குளவி வரும்? நீங்கதானே சும்மா சொன்னீங்க?"

"சும்மாத்தாம்மா சொன்னேன். ஓட ஓட நெசமா வெரட்டுற மாதிரியே இருந்துச்சு."

யாரோ ஒருத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடுத்தவளிடம் அழுகையாக மாறியது. பிறகு எது சிரிப்பு, எது அழுகை என்று தெரியாமல் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மருதாயிதான் முதலில் எழுந்தாள். அவள் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. "புள்ள பசியில கெடக்கும்" என்றாள். உடனே கிளாக்கர் எழுந்து அவளுக்கு முன்னால் நடந்தார். ஒவ்வொரு கல்லாகத் தொட்டு ஆட்டிப் பார்த்து, "இதுல மிதிக்கலாம், அதுல வேணாம், ஐயோ மெதுவா" என்று சொல்லிச் சொல்லி அத்தனை பேரையும் இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தார். பிள்ளைக் காம்பரா வாசலில் வைத்துத்தான் மயங்கி விழுந்தார்.

பெரிய தொரை திரும்பி வந்து கடிகாரத்தைத் திறந்து பார்த்தார். தேய்ந்த நட்டு கையோடு வந்தது.

"யாரு இதை இப்பிடித் திருகினது?"

"நாந்தானுங்க தொரை."

தொரை நட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி நட்டைப் பார்த்தார். "நீ திருகித் திருகித்தான் மணி பிந்திப் போச்சு. நீ ஓடித்தான் ஆள் பிழைச்சுது. உன்னை நான் என்ன செய்ய?"

"ஐயோ, ஒண்ணும் செய்ய வேணாமுங்க."

தொரை ஒன்றும் செய்யவில்லை. கொந்தராத்துக்காரரிடம் சத்தம் போட்டு, எங்கள் பாதையிலேயே சிவப்புக் கொடியோடு ஓர் ஆளை நிறுத்த வைத்தார். அந்த ஆள் பாதை காலி என்று கொடி காட்டாமல் வெடி வைக்கக் கூடாது என்று பாஸும் ஒப்புக்கொண்டார். ஹட்டனிலிருந்து கடிகாரத்துக்குப் புதுக் கம்பியும் நட்டும் வந்தன. கீழ்க் கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். கடிகாரம் ஒழுங்காக ஓடியது. கிளாக்கர் அதைச் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்தில் அவர் பெயர் மாறவில்லை. ஐயோ கிளாக்கர்தான். ஆனால் அதைச் சொல்கிற விதம் மாறிவிட்டது. முன்பு சிரித்துக்கொண்டு சொன்ன பெண்கள், அவர் எதிரே வந்தால் படங்கைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அப்படி அவர்கள் சும்மா நிற்பதைப் பார்த்து, ஏதாவது ஆபத்தோ என்று அவர் இன்னும் வேகமாக நடப்பார்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு வலப்பனைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றலானது. வட்டவளை ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தார். ரயில் என்றால் அவருக்கு ஆகாது. தண்டவாளத்திலிருந்து தள்ளி, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு எனக்குப் புத்தி சொன்னார்.

"ஹட்டன் தாண்டுனா சுரங்கம் வரும், சன்னலைச் சாத்திக்கங்க. நானுஓயால வண்டி நல்லா நின்ன பொறவு எறங்குங்க. அந்தப் பக்கம் மண் சரியுமாம், மலையடியில படுக்காதீங்க. வெந்நி குடிங்க. தெரியாத வீட்டுல... ஐயோ, மணி அடிச்சுட்டான், ஏறுங்க, ஏறுங்க!"

ரயில் நகர்ந்தது. சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன். அவர் சுவரை விட்டுவிட்டு, அவ்வளவு பயந்த தண்டவாளத்தின் ஓரத்துக்கே வந்து, ரயிலோடு கூடவே ஓடிக்கொண்டிருந்தார்.

"தலைய உள்ள இழுங்க தம்பி! கம்பம் அடிச்சிரும்! உள்ள இழுங்க!"

அவர் சொன்னபடி உள்ளே இழுத்துக்கொண்டேன். ஆனால் அப்படியே உட்கார்ந்திருக்க முடியவில்லை. இன்னும் ஒரு தரம் அவரைப் பார்த்துவிடலாம் என்று, மறுபடியும் தலையை நீட்டினேன்.